ஏழாம் மாதத்தில் பிறந்த பூரணம்

ராயபுரத்துக்கு வந்து பதினேழு வருஷமாகிறது. இன்றைக்கும் மீன்காரி "வஞ்சிரம் வேணுமா?" என்று கேட்டால் என் வாயிலிருந்து "ஓம்" என்றுதான் வருகிறது. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாம்மா, மீன் வாங்கசொல்ல மந்திரம் ஓதிகினு கீறே?" என்று சிரிக்கிறாள். யாழ்ப்பாணத்தில் 'ஆமாம்' என்பதற்கு அதுதான் சொல் என்று விளக்கி அலுத்துப்போய், இப்போது நானும் அவளோடு சிரித்துவிடுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போலக் கடல் தாண்டிக் குடியேறியவர்களுக்கும், இப்படி மாறி விளங்கிய ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதத் தோன்றுகிறது.

என் கணவருக்கு ஹார்பரில் குமாஸ்தா வேலை. நாங்கள் வந்த அடுத்த வருஷம், ஏழாம் மாதத்திலேயே மகள் பிறந்துவிட்டாள். என் முன்கை நீளம்தான் இருந்தாள். பஞ்சில் சுற்றி, வெந்நீர் நிரப்பிய சோடாப் புட்டிகளை இருபக்கமும் வைத்துக் காத்தோம். மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. ஆனாலும் பிழைத்தாள், பூரணம் என்று பெயர் வைத்தோம். இரண்டு வயதாகியும் உட்காரவில்லை. தூக்கி நிறுத்தினால் கால்கள் விறைத்துக் கத்திரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா அவளை வெகுநேரம் சோதித்தார். குறை காலில் இல்லை, பிறந்த நாட்களில் மூளையில் பட்ட காயம் என்றார். அது ஆறாது, மேலும் பரவவும் செய்யாது. எவ்வளவு தூரம் தேறுவாள் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. தினமும் கால்களை நீட்டி மடக்கிப் பழக்குங்கள் என்றார்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா காத்திருந்தார்.

"டாக்டரம்மா இன்னா பேசினாங்க?"

எங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது; சாதாரணமாகப் பேசுவதைக் கதைப்பது என்போம். ஆகவே, "பேசேல்லை அக்கா, நல்லாய்க் கதைச்சவ" என்றேன்.

இங்கே கதை என்றால் புளுகு. "கதை வுட்டாங்களா? அத்த வுடு தங்கச்சி. புள்ளய இப்டி குடு" என்று வாங்கிக்கொண்டார்.

நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் டாக்டர் சொன்னதை முழுதும் என் வாயால் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை அக்கா பிள்ளையைக் கடற்கரைக்குத் தூக்கிப் போய், ஈரமணலில் குழி தோண்டி, இடுப்பளவு மணலிட்டு நிறுத்தினார். பூரணம் அலறினாள். பிறகு அலையைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள். அவள் நின்றபடி உலகத்தைப் பார்த்தது அன்றுதான். தினமும் போனோம். வீட்டில் டாக்டர் சொன்னபடி நான் கால்களை நீட்டி மடக்கினேன். எது பலித்ததென்று தெரியாது. ஐந்து வயதில் சுவரைப் பிடித்து நின்றாள். ஏழில் கோலூன்றி நுனிக்காலில் நடந்தாள்.

அதிசயம் நடந்ததாக எழுத மாட்டேன். இப்போது அவளுக்குப் பதினாறு வயது. கணக்கு ஏறவில்லை. இடது கை பொத்தான் போடாது. அவசரப்பட்டால் நாக்கு சிக்கும். ஆனால் வாசிப்பாள். ரங்கூனுக்குப் போன கணவர்மாரின் கடிதங்களைத் தெருப்பெண்கள் அவளிடம்தான் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசிப்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வரி விட்டுவிட்டாள் என்று சந்தேகம் வந்தால் சண்டைக்கும் வருவார்கள். இவளும் விடமாட்டாள்.

போன வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து என் தமக்கை எழுதினாள்: "பிள்ளையை இங்கே கொண்டுவந்து விடு, நாங்கள் வைத்துப் பார்க்கிறோம்." போனோம். தமக்கை ஒரு குறையும் வைக்கவில்லை. சோற்றை ஊட்டிவிட்டாள். "நீ ஏன் பிள்ளை எழும்புறாய்?" என்று கோலை வாங்கி மூலையில் வைத்தாள். வந்தவர்கள் பூரணத்தைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். எனக்கோ அங்கேயே தங்கிவிடலாம் போலிருந்தது. என் பேச்சு அங்கே யாருக்கும் வேடிக்கையாக இல்லை.

பத்தாம் நாள் பூரணம் என் சேலையை இழுத்தாள்.

"எம்மா, வூட்டுக்குப் போலாம்மா. இங்க எவளும் என்னாண்ட சண்ட கூட போட மாட்றா."

தமக்கைக்கு விளங்கவில்லை. "என்னவாம்?" என்றாள்.

"வீட்டுக்குப் போகவேணுமாம்."

"இது வீடில்லையோ?"

நான் மூலையிலிருந்த கோலை எடுத்துப் பூரணத்திடம் கொடுத்தேன்.

தலைமன்னாரில் ஸ்டீமர் ஏறினோம். மேல்தட்டில் சாய்மானம் இல்லாத பலகைதான் கிடைத்தது. பிடிமானமின்றிப் பூரணத்தால் நெடுநேரம் உட்கார முடியாது. என் முதுகோடு முதுகை ஒட்டிக்கொண்டு, தனுஷ்கோடி வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் மறைந்துகொண்டிருந்த கரையைப் பார்த்திருந்தேன். அழுகையில் என் முதுகு குலுங்கியிருக்க வேண்டும்.

"எம்மா, ஆடாத. நான் வுழுந்துடுவேன்" என்றாள்.

நான் ஆடாமல் உட்கார்ந்தேன்.