சடையா, கொண்டையா

என் கல்யாணத்துக்கு என்ன புடவை, எந்த மண்டபம், சாம்பாருக்கு முருங்கையா கத்தரியா என்பதையெல்லாம் அம்மாவே முடிவு செய்தாள். தலைக்கு என்ன செய்வது என்பதை மட்டும் பெரிய மனது பண்ணி என்னிடம் விட்டாள். "உன் தல, உன் இஷ்டம்" என்றாள். அப்படிச் சொன்ன வாரமே எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்தாள்.

எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டு மாடிப்படியில் நான் கீழ்ப்படியில், அம்மா மேல்படியில். நிச்சயதார்த்தம் எப்படி நடந்தது, யார் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்று பேசிக்கொண்டே தேய்த்தவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். அவள் விரல் என் பிடரிக்குச் சற்று மேலே ஓரிடத்திலேயே நின்றது.

"இன்னாடி இது?"

என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். வழவழவென்று இருந்தது. முடி இருக்க வேண்டிய இடத்தில் கன்னத்தைத் தொட்டதுபோல வெறும் தோல். அம்மா என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் குசுகுசுவென்றுதான் சொன்னாள், "புழுவெட்டு."

முடி வட்டமாகக் கொட்டிப் போவதற்கு அந்தப் பெயர். புழுவும் கிடையாது, வெட்டும் கிடையாது. தோல் டாக்டர் அப்படித்தான் சொன்னார். இது ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் ஆகாது, இறுக்கிப் பின்னாதே என்றார். திரும்ப வளருமா என்று கேட்டதற்கு, வளரலாம், கொஞ்சம் நாளாகலாம், வேறு இடத்தில் இன்னொன்று வரலாம் என்றார். இத்தனை 'லாம்' போடுவதற்கு இவர் எதற்கு டாக்டருக்குப் படித்தார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆட்டோவில் திரும்பி வரும்போது அம்மா என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. கல்யாணத்துக்குள்ள வளந்துடும்" என்றாள்.

அன்றிலிருந்து சின்ன வெங்காயம். தினமும் நறுக்கி அந்த இடத்தில் தேய்ப்பாள். கம்பெனி வண்டியில் நான் ஏறினால் யாராவது ஒருத்தி மூக்கை உறிஞ்சி, இன்றைக்கு யார் வெங்காய சாம்பார் கொண்டுவந்தது என்று கேட்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். குளியலறையில் இரண்டு கண்ணாடியை முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். வளர்ந்த மாதிரி இருக்கும். மறுநாள் பெரிதான மாதிரி இருக்கும். விரல் தானாகவே அங்கே போய்விடும். பேசும்போது போகும், சாப்பிடும்போது போகும். "கைய எடு" என்று அம்மா அதட்டுவாள்.

மாப்பிள்ளை வீடு ஆம்பூர்ப் பக்கம். அவர் இங்கே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தார். அவருடைய அம்மா நிச்சயத்தன்றே ஆசையாகச் சொல்லியிருந்தார்: "கல்யாணப் பொண்ணுன்னா முழங்கால் வரைக்கும் பூச்சடை தொங்கணும்மா. அப்பதான் மணையில உக்காந்தா லட்சணம்." நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியிருந்தேன். சவுரி வைத்துப் பின்னினால் முழங்கால் என்ன, கணுக்கால் வரைக்கும்கூடத் தொங்கவிடலாம். பயம் அதில் இல்லை. தாலி கட்டும்போது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவார். மீதி இரண்டையும் பின்னால் நிற்கும் நாத்தனார் போடுவாள். அதற்கு அவள் என் சடையைத் தூக்க வேண்டும். தூக்கினால் அந்த இடம் நேராக அவள் கண்ணுக்கு முன்னால். அவளுக்குப் பின்னால் வீடியோக்காரர். அவருக்குப் பின்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆம்பூரே நிற்கும்.

கண்ணை மூடினால் எனக்கு அதுதான் வரும். தாலி வராது, மாப்பிள்ளை முகம் வராது, என் பிடரிதான் வரும்.

தாழ்வாகக் கொண்டை போட்டுச் சுற்றிலும் பூ வைத்துவிட்டால் யாரும் எதையும் தூக்க வேண்டாம். அதனால் கொண்டை என்று முடிவு செய்து, நீலசந்திரா பார்லர் அக்காவிடம் ஒத்திகை பார்க்கப் போனோம். அக்கா கன்னடக்காரர். நாங்கள் தமிழில் பேசுவோம், அவர் கன்னடத்தில் பேசுவார், இரண்டு பக்கமும் நன்றாகப் புரியும். என் தலையைக் கலைத்துப் பார்த்தவர் அந்த இடத்தைப் பார்த்தார். முடி காய்ந்து கிடக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் போன் பண்ணினாள். மாப்பிள்ளையின் தங்கை, அப்போதுதான் காலேஜ் முடித்தவள், வெள்ளந்தி. "அண்ணி, உங்க ப்ளவுஸ் என்ன கலரு?" என்று கேட்டாள். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கலரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பார்லர் அக்கா அம்மாவிடம் கறாராகச் சொன்னார்: "மதுவெகெ முஞ்செ தலெகெ மொட்டெ ஹாக்லேபேக்கும்மா."

கல்யாணத்துக்கு முன்னால் தலைக்கு முட்டை போட்டே ஆக வேண்டும் என்று அர்த்தம். கன்னடத்தில் மொட்டெ என்றால் முட்டை. இந்தக் கன்னட ஊரிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது முட்டையாகத்தான் காதில் விழும். ஆம்பூர்ப் பெண்ணுக்கு எப்படி விழுந்திருக்கும் என்று யோசிக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. "சரி அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று அவள் சட்டென்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவின் போன் அடித்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஸ்பீக்கர் வியாதி.

"சம்பந்தி, பாப்பா வந்து சொன்னா. கேட்டதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "பொண்ணுக்கு மொட்டையாமே?"

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ, எவங்க சொன்னது? மொட்டையெல்லாம் இல்லீங்க சம்பந்தி! ஒரு ரூபா காசு அளவுதான். புழுவெட்டு. பின்னாடி கீது, முடி மூடிக்குது, யாருக்கும் தெரியாது. டாக்டர்கிட்ட காட்டினுதான் இருக்கோம், வெங்காயம் தேச்சுகினுதான் இருக்கோம்..."

நான் கையை ஆட்டினேன், வாயைப் பொத்திக் காட்டினேன், கடைசியில் அவள் முந்தானையைப் பிடித்தே இழுத்தேன். உடைந்த குழாய் மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தாள். அவள் மூச்சு வாங்கியபோதுதான் அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"புழுவெட்டா? நான் கேட்டது வேண்டுதல் மொட்டைங்க. கல்யாணத்துக்கு முன்னாடி திருப்பதிக்குப் போய் மொட்டை போடப் போறாங்கன்னு பாப்பா சொன்னா."

வலியப் போய்த் தலையைக் கொடுப்பது என்பார்களே, அதை நாங்கள் நிஜமாகவே செய்திருந்தோம். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். "சரி, பாத்துக்கலாம் வைங்க" என்று அங்கே போனை வைத்துவிட்டார்கள்.

பாத்துக்கலாம் என்றால் என்ன? கல்யாணத்தைப் பார்த்துக்கலாமா, வேறு பெண்ணைப் பார்த்துக்கலாமா? அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மத்தியானம் மாப்பிள்ளையிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. 'அம்மா சொன்னாங்க. பரவால்ல.' அவ்வளவுதான். பரவாயில்லையாம்! என்ன, கைதவறி டம்ளரை உடைத்துவிட்டேனா, பரவாயில்லை என்று சொல்ல? ஆபீஸ் கழிவறையில் நின்று அழுதேன். அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெருந்தன்மையா, பரிதாபமா, உண்மையிலேயே அவருக்கு அது ஒரு பொருட்டில்லையா? பேசிக் கேட்டிருக்கலாம். பதில் வேறு மாதிரி வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவில்லை.

பத்திரிகை கொடுக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. அவர்களும் நிறுத்தச் சொல்லவில்லை. போன் அடித்தால் மட்டும் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். கடைசியில் ஒரு நாள் மாப்பிள்ளையின் அம்மாவே கூப்பிட்டார். சமையல்காரர், நாதஸ்வரக்காரர் என்று எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் சொன்னார்: "பொண்ணு கொண்டையே போட்டுக்கட்டும் சம்பந்தி. நாலு சொந்தக்காரங்க வருவாங்க, நாலு விதமா பேசுவாங்க. பூவை நல்லா சுத்தி மூடிடுங்க."

அம்மா போனை வைத்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டாள். கல்யாணம் நிற்காது என்று தெரிந்துவிட்டதே. நான் விரும்பியதும் கொண்டைதான். அது தானாகவே வந்து மடியில் விழுந்திருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த 'மூடிடுங்க' எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நானாக மூடினால் அது என் வெட்கம். அவர்கள் மூடச் சொன்னால் அது அவர்கள் வெட்கம் ஆகிவிடுகிறது. நான் அந்த வீட்டுக்கு ஒரு வெட்கமாகப் போக மாட்டேன்.

"எனக்குச் சடைதான் வேணும்" என்றேன்.

"பைத்தியமாடி உனக்கு? நேத்து வரைக்கும் கொண்ட கொண்டன்னு உசிர வாங்கின!"

"நேத்து வேணும். இன்னிக்கு வேணாம்."

"பேஜாருடி உன்னோட. தல மட்டுமில்ல, புத்தியும் கழண்டுபோச்சு" என்று அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். அப்புறம் அவளும் அழுதாள். நான் பிடித்த பிடியை விடவில்லை.

அந்த வீராப்பெல்லாம் கல்யாணத்தன்று காலை மண்டபத்து அறையில், கண்ணாடி முன்னால் உட்காரும் வரைக்கும்தான். பார்லர் அக்கா தளர்வாகப் பின்னி, சவுரி வைத்து, மல்லிகையும் ரோஜாவும் வைத்துச் சடையை முடித்தார். அந்த வட்டத்தில் கறுப்புப் பொடியை அப்பினார். "பெவரு பந்த்ரெ ஹோகுத்தெ" என்றார். வியர்த்தால் போய்விடுமாம். எனக்கு அப்போதே வியர்த்துக்கொண்டிருந்தது. கொண்டையே போட்டிருக்கலாமே, யாரிடம் காட்ட இந்த ரோஷம் என்று எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. பிரித்துப் போட நேரமில்லை. வெளியே பெண்ணை அழைத்துவரச் சொல்லிவிட்டார்கள்.

மணையில் ஹோமப் புகை, வீடியோ விளக்கு, கழுத்தில் கனமான மாலை. கழுத்துக்குப் பின்னால் ஒரு துளி வியர்வை இறங்குவது தெரிந்தது. அது கறுப்பாக இறங்குகிறதோ, ரவிக்கையில் கறை ஆகிறதோ என்று தொட்டுப் பார்க்கவும் முடியாது. மாப்பிள்ளை என் பக்கத்தில் நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். நான் குனிந்துகொண்டேன். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல என் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நெருங்கி வருவது காதில் கேட்டது. வளையல் சத்தம், பட்டுப்புடவைச் சத்தம், "தள்ளிக்கோங்க, தெரியல" என்று யாரோ ஒருத்தி.

கெட்டி மேளம் கொட்டியது. அவர் கை என் கழுத்தைச் சுற்றி வந்து முதல் முடிச்சைப் போட்டது. அட்சதை விழுந்தது. பின்னால் நாத்தனார் என் சடையைத் தூக்கினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சடை நழுவி மறுபடி முதுகில் விழுந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி விழுந்தது. ஈரமான விரல்கள் என் கழுத்தில் தடுமாறின.

"அண்ணி" என்று காதுக்குள் அழுகிற குரலில் சொன்னாள். "சடை வந்து வந்து விழுது. கை நடுங்குது அண்ணி. முடிச்சு விழவே மாட்டேங்குது. எல்லாரும் பாக்கறாங்க."

எல்லோரும் பார்க்கிறார்கள்! நான் இத்தனை நாளும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை. அவள் கண்ணுக்குப் பயந்துதான் நான் தூக்கமில்லாமல் கிடந்தேன். அவளோ என் தலையைப் பார்க்கவே இல்லை. தன் விரலை மட்டும் பார்த்து நடுங்கிக்கொண்டு நின்றாள். பாவம், குழந்தை.

நான் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சடையை அடியோடு பிடித்துத் தூக்கி, தோளுக்கு மேலாக முன்னால் போட்டுக்கொண்டேன். தலை முழங்கால் வரைக்கும் வரக் குனிந்தேன். முடியில்லாத அந்த இடத்தில் மண்டபத்துக் காற்று பட்டது.

"அவசரமில்ல" என்றேன். "நான் பிடிச்சுக்கறேன். நீ மெதுவா போடு."

ஒன்று போட்டாள். இன்னொன்றும் போட்டாள். "விழுந்துடுச்சு அண்ணி" என்று அவள் சொன்னதும் மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் நான் சடையை விடாமல் அப்படியே குனிந்திருந்தேன்.