கம்ப்யூட்டருக்குள் குடியிருந்த கம்ப்யூட்டர்

பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டுப் பக்கம் யார் வீட்டிலாவது கல்யாணம் நிச்சயமானால், மண்டபம் பார்ப்பதற்கு முன்பே குணபூசணி வீட்டு மணியை அடித்துவிடுவார்கள். அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சும்மா உட்காரப் பிடிக்காமல் ஹாலில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுத் தமிழில் கல்யாணப் பத்திரிகை அடிக்கத் தொடங்கினார். யாருக்கு 'திருமதி', யாருக்கு 'அமரர்', எந்தப் பெரியப்பாவுக்குக் கீழே எந்தச் சித்தப்பா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "குணபூசணி அக்கா அடிச்சா பிழையே இருக்காதுலா" என்று ஊரே சொல்லும். அவரும் ஒருநாளும் அதை மறுத்ததில்லை.

அப்படிப்பட்டவர் கையில்தான், சொந்த மூத்த மகளின் பத்திரிகையில், கூடப் பிறந்த ஒரே அண்ணனின் பெயர் விடுபட்டுப் போனது. தாய்மாமன் பெயர் தனியாக, எடுப்பாகத் தெரியட்டும் என்று அழைப்பவர்கள் பட்டியலின் கடைசியில் அதை வைத்திருந்தார். பிரிண்டரில் தாள் ஒரு வரி தள்ளிப் போய்விட்டது. 'யோகநாதன், கிள்ளான்' என்று பெயரும் ஊருமாய் இருந்த வரி தாளில் விழாமல் உருளையில் விழுந்தது. யாரும் கவனிப்பதற்குள் பத்திரிகை ஊரைச் சுற்றிவிட்டது. பிரிண்டர் செய்த தப்பு என்று குணபூசணி சொன்னதற்கு, யோகநாதன் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மெஷினுக்கு என் பேரு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சிச்சு?"

அதோடு சரி. கல்யாணத்துக்கு வரவில்லை. அடுத்த வருஷம் குணபூசணியின் கணவர் இறந்தபோது வந்தார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அன்று அழுததில் பாதி கணவருக்காக, பாதி அண்ணனுக்காக என்பது குணபூசணிக்கு மட்டும் தெரியும்.

இப்போது இளைய மகள் தாரணிக்குத் தை மாதத்தில் கல்யாணம். ஆண்டு இரண்டாயிரம் பிறந்த கையோடு முகூர்த்தம். தகப்பன் இல்லாத பெண்ணை மணவறைக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போக அந்த ஒரு அண்ணனை விட்டால் ஆள் கிடையாது. மானத்தை விட்டுப் போன் போட்டார். "சனிக்கிழமை வரேன். பத்திரிகையைக் கண்ணால பாக்குறேன். அப்புறம் பேசுவோம்" என்றார் யோகநாதன். அப்பாடா என்றிருந்தது குணபூசணிக்கு.

அந்த அப்பாடாவில் மண்ணைப் போட்டவர் வேறு யாருமில்லை, வரப்போகிற மாப்பிள்ளை விஜயன். தெலுக் பங்லிமா காராங் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற பையன். வருஷம் மாறினால் பழைய கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த நேரம் அது. மாமியார் மேல் உள்ள பாசத்தில் ஒரு புதுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். பழையதைப் பழைய சாமான் லோரியில் ஏற்றி அனுப்பியும் விட்டான்.

"பயப்படாதீங்க மாமி. உங்க பழைய கம்ப்யூட்டர் இதுக்குள்ளதான் இருக்கு."

குணபூசணி பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "எங்க?"

"கண்ணுக்குத் தெரியாது. ஒரு வீட்டுல ரூம் வாடகைக்கு விட்ட மாதிரி. உள்ள இருக்கிறதுக்கு, தான் தனி வீட்டுல இருக்கேன்னு நெனப்பு."

வெள்ளிக்கிழமை உட்கார்ந்தார். பழைய திரை அச்சு அசலாக உள்ளே தெரிந்தது. ஆனால் தமிழ் வரவில்லை. அந்தத் தமிழ் எழுத்துகளுக்கு ஒரு சாவி உண்டு. கட்டைவிரல் அளவுக் கறுப்புக் கட்டை. கம்ப்யூட்டரின் முதுகில் அதைச் சொருகி, அதன் முதுகில் பிரிண்டரைச் சொருக வேண்டும். சொருகித்தான் இருந்தது. உள்ளே இருந்ததோ சாவியைக் காணோம் என்றது, பிரிண்டரையும் காணோம் என்றது. வாசலில் தொங்குகிற சாவியை உள்ளறையில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார்? குணபூசணி கழற்றிச் சொருகினார், ஊதிச் சொருகினார். கடைசியில் சாவிக்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை. கண்டபடி திட்டலாம் என்றால், திட்டு மாப்பிள்ளை மேல் போய் விழும். பல்லைக் கடித்துக்கொண்டு விஜயனுக்குப் போன் செய்தார்.

சனிக்கிழமை காலை விஜயன் வந்து மேசைக்கு அடியில் புகுந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் தயார். பத்திரிகை வைக்கிற இடம் மட்டும் காலி. வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

யோகநாதன் உள்ளே வந்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள்.

"யாரு?"

"மாப்பிள்ளை, அண்ணே."

"முழுசா இல்லையா?"

அடுத்ததாகத் திரை கண்ணில் பட்டது. ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர், ஆங்கிலம் என்று ஒன்று எழுதியிருந்தால் படிக்காமல் விடமாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ஹோஸ்ட் உபயோகத்தில் வைத்திருப்பதால் கெஸ்ட்டை அனுமதிக்க இயலாது என்று ஒரு பெட்டிக்குள் எழுதியிருந்தது. அவர் முகம் சிவந்தது.

"வந்த விருந்தாளிக்கு இடமில்லைன்னு போர்டே போட்டு வச்சிட்டியா? போன தடவை பேரை எடுத்த. இந்தத் தடவை எழுதியே காட்டிட்ட. நல்லதும்மா, நான் வரேன்."

"ஐயோ அண்ணே, அது பிரிண்டரைச் சொல்லுது!"

"போன தடவையும் பிரிண்டர்னுதான் சொன்ன!"

மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அங்கிள், கெஸ்ட்டுன்னா நீங்க இல்ல. உள்ள இருக்கிற பழசு."

"பழசுன்னு யாரைச் சொல்றாரு?" யோகநாதன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

விஜயன் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். தலையைத் தேய்த்தபடியே மூச்சுவிடாமல் விளக்கினான். வெளியே இருப்பது ஹோஸ்ட், வீட்டுக்காரர். உள்ளே குடியிருப்பது கெஸ்ட். சாவியும் பிரிண்டரும் இருவருக்கும் பொது என்றுதான் வைத்தான். வீட்டுக்காரர் பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறார். யோகநாதன் ஒரு செருப்பைக் கையில் எடுத்தபடியே நின்று கேட்டார். கோபம் மெல்ல இடம் மாறியது.

"அப்ப, வந்தவரு வெறுங்கையோட நிக்கிறாரு. வீட்டுக்காரரு தட்டைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு?"

"ஆமா அங்கிள்."

"என்ன பழக்கம் இது! நம்ம ஆளுங்க வீட்டுல வந்தவங்க சாப்பிட்டு எழுந்தப்புறம்தானே வீட்டுக்காரங்க இலையே போடுவாங்க? பொதுவாவது மண்ணாவது! புடுங்குலா அவன் கையில இருந்து!"

விஜயனுக்குப் பொறி தட்டியது. வெளியே இருந்த கம்ப்யூட்டரில் பிரிண்டர் என்ற பேச்சையே அடியோடு அழித்தான். அணைத்துத் திரும்பப் போட்டான். இப்போது வீட்டுக்காரருக்குப் பிரிண்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. உள்ளே இருந்தவர் சாவியைக் கண்டுகொண்டார். குணபூசணி பழையதில் முன்பே அடித்து வைத்திருந்த பத்திரிகை, திரையில் 'சிவமயம்' என்று பளிச்சென்று தமிழில் வந்தது. பிரிண்டர் கிறீச்சென்று அலறிக்கொண்டு தாளை வெளியே தள்ளியது. யோகநாதன் வென்ற கட்சிக்காரர்போல உள் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையசைத்தார்.

குணபூசணி தாளைக் கிழித்துத் தாம்பாளத்தில் வைத்தார். இந்தத் தடவை அண்ணன் பெயரைப் பட்டியலின் முதல் வரியில் போட்டிருந்தார். 'தாய்மாமன் யோகநாதன், கிள்ளான்.' தாள் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்த வரி தப்பாது.

யோகநாதன் நெடுநேரம் படித்தார்.

"அண்ணே, அன்னிக்கு நெஜமாவே தாள்தான் தள்ளிப் போச்சு. சத்தியமா."

"தெரியுதும்மா. இந்தச் சனியனுங்களுக்கு வந்தவன் யாரு, வீட்டுக்காரன் யாருன்னே தெரியல. என் பேரு எங்க தெரியப் போவுது!"

குணபூசணிக்குக் கண் நிறைந்துவிட்டது. தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. "இதெல்லாம் வெளியாளுக்குக் குடுக்கிறது" என்று தள்ளிவிட்டுக் கையில் இருந்த செருப்பை வாசலில் போட்டார். நேராகப் போய்ப் போனை எடுத்துக் கிள்ளானுக்குச் சுற்றினார். மனைவி பூரணத்தின் குரல் ஹால் வரைக்கும் கேட்டது.

"எங்க இருக்கீங்க? சோறு ஆறுது."

"நீ சாப்பிடு. எனக்குக் கல்யாண வேலை கெடக்கு. வீட்டுலதான் இருக்கேன்."

"எந்த வீட்டுல? வீட்டுல நான் மட்டும்தானே இருக்கேன்?"

"நம்ம வீட்டுலதான்!" என்று எரிந்து விழுந்து போனை வைத்தார்.