பச்சைப் பெயின்ட் ஒட்டிய கடல்கல்

“வியாழன். கடல்கல் ஒன்று. நீளம் ஒன்றரைச் சாண், அகலம் ஒரு சாண். ஒரு முகத்தில் பச்சைப் பெயின்ட். காலை எட்டு ஐந்துக்குக் காரில் ஏற்றப்பட்டது.”

என் நோட்டில், தை மாதக் கடைசி வியாழக்கிழமைக்கு நேராக இப்படித்தான் இருக்கிறது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலையில் காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. மழை பெய்த நாள், மின்சாரம் போன நேரம், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட கிழமை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமைச் சங்கதியை மட்டும் வெளியே விடாதே என்று சொந்தக்காரர்கள் இருவர் போன் போட்டுச் சொன்னார்கள். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது என் மாமனார் கட்டிய வீடு. அவர் வள்ளத்தில் கல்லெடுக்கப் போனவர். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, கடப்பாரையால் பவளப்பாறையை நெம்பி எடுத்து, வள்ளம் நிறைய ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். பாதி சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். மீதி வீட்டுச் சுவராகும். எங்கள் பக்கம் அதைக் கடல்கல் என்றுதான் சொல்வோம். பவளம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஊரறியப் பட்டப்பகலில் நடந்த வேலை. பிற்பாடு சட்டம் வந்தது, வேலை நின்றது. நிறுத்தியது சரி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பாறை போன இடத்தில் அலை எப்படிக் கரையைத் தின்னும் என்று நிறையவே படித்திருக்கிறேன்.

பொங்கல் கழிந்து மூன்று வாரத்தில், ஜன்னல் வைப்பதற்காகச் சமையலறையின் மேற்குச் சுவரை உடைத்தோம். காரை உதிர்ந்து உள்ளிருந்து கடல்கற்கள் வந்தன. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகள் லீவுக்கு வந்திருந்தாள். ஒன்றைக் கையிலெடுத்து, அதில் பூப்பூவாக இருந்த துளைகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இந்த வீடே ஒரு குத்தம்மா. தாத்தா கடலத் திருடிக் கட்டியிருக்காவ.”

என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. “ஏளா, அந்தத் திருட்டு வீட்டுலதான் நீ தவந்து திரிஞ்ச” என்றாள்.

மகள் சிரித்தாள். அவளுக்கு அது வாய்ப்போக்கில் வந்த பேச்சு. ஆனால் என் மனைவி மூன்று நாள் அவளுக்குச் சோறு போட்டாளே தவிர முகம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, “நாளைக்கு முயல்தீவுக்குப் போறோம், மூணு பேரும். அந்தக் கல்லும் வருது” என்றாள்.

“கல்லு என்னத்துக்கு?”

“எடுத்த எடத்துல வச்சுட்டா எங்கப்பாவ யாரும் திருடன்னு சொல்ல முடியாதுல்லா?”

முயல்தீவு இப்போது பெயருக்குத்தான் தீவு. துறைமுகத்தை ஒட்டிய சாலையில் காரிலேயே போய்விடலாம். காணும் பொங்கலன்று ஊரே அங்கே பாய் விரித்துக் கிடக்கும். சாதாரண வியாழக்கிழமையில் ஈ காக்கை கிடையாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டு ஐம்பது. நீர் வற்றிக் கிடந்தது. கரையோரம் உடைந்த பவளத் துண்டுகள், கோழி எலும்பு போல, வெளுத்துப் போய். செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் அசையாமல் நின்றன. தண்ணீருக்கடியில் கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்ததுதான் பாறை. மகள் புளிச்சோற்றுத் தூக்கையும் அவித்த முட்டையையும் மர நிழலில் வைத்தாள். என் மனைவி சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கல்லை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கினாள். முட்டளவு போயிருப்பாள்.

“யம்மா! நில்லுங்க! கைல என்னது அது?”

பைக்கை மணலில் சாய்த்துவிட்டுக் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். கடலைக் காவல் பார்க்கும் வனத்துறைக் காவலர். நாற்பது வயதிருக்கும்.

“பவளப்பாறைய எடுக்கக்கூடாதுன்னு தெரியாதா? கைல வச்சிருக்கதே குத்தம்!”

“எடுக்கல தம்பி. வைக்க வந்திருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, என்ன சொல்லுதாவ?”

“நெசந்தான். வீட்டுலேருந்து கொண்டாந்தோம்” என்றேன்.

“நல்லாருக்கு கதெ. இங்க நான் பிடிச்சவுக எல்லாம் எடுத்துட்டுப் போனவுக. கொண்டாந்து போடுதேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாம்மா.”

“கண்ணு இருக்குல்லா? பெயின்டப் பாருங்க. கடலுக்குள்ள மீனா வந்து பச்சப் பெயின்ட் அடிச்சுது?”

அவர் தண்ணீரில் இறங்கிக் கல்லை வாங்கித் திருப்பினார். ஒரு முகத்தில் எங்கள் சமையலறைப் பச்சை. பின்புறம் சுண்ணாம்புக் காரை. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டதும் தெரிந்தது. ஆனாலும் கல்லைக் கடலில் போட விடவில்லை. யாரும் எதையும் உள்ளே போடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. பிடித்ததைக் கணக்கெழுதி மேலே அனுப்புவதுதான் முறை. அவர் சொன்னது நியாயம்தான். பைக் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்தார். எங்கள் வயதைப் பார்த்து மனமிரங்கியிருக்க வேண்டும்.

“பெரியவுகளப் பாத்தா பாவமா இருக்கு. கரையில கேட்பாரற்றுக் கிடந்த கல்லுன்னு எழுதிருதேன். நீங்க பாட்டுக்குச் சோத்தத் தின்னுட்டுப் போங்க. உங்க பேச்சே வராது.”

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள்.

“கேட்பாரத்தா? எங்கப்பா உப்புத்தண்ணில நின்னு தோலு உரிஞ்சு எடுத்த கல்லு. கேக்க நான் இருக்கேன். அப்படி எழுதாதீக.”

“யம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். வீட்டுல இருந்துதுன்னு எழுதுனா நாளைக்குக் கேள்வி வரும்.”

“வரட்டும். பதில் சொல்லுதேன். இன்னார் மகள், இன்ன வீட்டுச் சுவத்துலேருந்து கொண்டாந்தான்னு எழுதுங்க.”

“அம்மா, விடும்மா” என்றாள் மகள். குரல் தணிந்திருந்தது.

“நீ பேசாத. திருட்டுச் சாமானத்தத்தான் கேட்பாரத்துன்னு எழுதுவாவ. அந்தப் பேச்ச ஒங்கிட்ட கேட்டாச்சு, இவுககிட்டயும் கேக்கணுமா?”

முட்டளவுத் தண்ணீரை விட்டு அவள் வெளியே வரவேயில்லை. எழுதினால்தான் கரையேறுவேன் என்று நின்றாள். சேலையில் ஈரம் இடுப்புவரை ஏறியது. காவலர் கிரேன்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் பைக் சீட்டில் நோட்டை வைத்து எழுத ஆரம்பித்தார். மாமனார் பெயரை அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

“தொழிலு?” என்றார் காவலர்.

என் மனைவி வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். “கல்லெடுக்கும் தொழிலாளி. அப்பல்லாம் அது வேலதான் சார். அப்படியே எழுதுங்க.”

அம்மாவும் மகளும் அப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காவலர் எழுதியதை உரக்க வாசித்தார். “மேற்படியார் வெட்டி எடுத்த கல்லை அவர் மகள் தாமாக ஒப்படைத்தார்.” என் மனைவி இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கரையேறினாள்.

“சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும் அண்ணாச்சி.”

பேனா என் கைக்கு வந்தது. இங்கேதான் நான் தடுமாறினேன். கப்பல் சரக்கில் ஒரு மூட்டை கூடக் குறைய இருந்தாலும் கையெழுத்துப் போடாதவன். அந்தச் சமையலறையை, தான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, அப்பா வள்ளத்தில் போய்க்கொண்டிருந்த காலத்தில் கட்டியதாக என் மனைவி சொல்வாள். அவளுடைய அண்ணன் சொல்வது வேறு. அப்பா கடலை விட்ட பிறகு, வேறெங்கோ இடித்த பழைய வீட்டுக் கல்லை வண்டியில் வாங்கி வந்து எழுப்பிய சுவர் அது என்பார். இரண்டுக்கும் எழுத்து எதுவும் கிடையாது. “வெட்டி எடுத்த” என்ற வார்த்தையின் மேலேயே பேனா நின்றது.

“என்ன யோசன?” என்றாள் என் மனைவி, ஈரச் சேலையைப் பிழிந்தபடி.

போட்டேன். ஒன்பது நாற்பது.

காவலர் கல்லைச் சாக்கில் சுற்றி பைக்கில் கட்டினார். மகள் ஒரு முட்டையை உரித்து அவரிடம் நீட்டினாள். “டூட்டில இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். மதியம்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். புளிச்சோறு நன்றாக இருந்தது. ஜன்னலுக்காக உடைத்த மீதிக் கற்கள் கொல்லையில் கிடக்கின்றன, மறைத்து வைக்கவில்லை. கேட்டு யாராவது வந்தால் என் மனைவியே காட்டுவாள். இதை எழுதும் இன்றுவரை யாரும் வரவில்லை.

அந்தக் கல்லை வெட்டியவர் என் மாமனார்தானா என்பது உறுதி செய்யப்படவில்லை. கையெழுத்து என்னுடையது.