பெயர் கேட்ட இடத்தில்

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் ஜானகிக்குப் பதினோரு வருஷ வேலை. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கறுப்புத் திரை அவளிடம் பெயர் கேட்கும். பெயரை அடித்தால் எழுத்துகள் தெரியும். அடுத்துப் பாஸ்வேர்டு கேட்கும். அதை அடித்தால் ஒன்றுமே தெரியாது, ஒரு புள்ளிகூட விழாது. அந்த இருட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. மகள் தர்ஷினி வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம். ஆபீஸில் கேட்டவர்களுக்கெல்லாம் புனேயில் நல்ல வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மையை அந்தத் திரைக்கு மட்டும்தான் சொன்னாள். ‘தர்ஷினி வந்துடும்மா’ என்று ஆங்கில எழுத்தில் அடிப்பாள், அதுதான் பாஸ்வேர்டு.

போன செவ்வாய்க்கிழமை, பெயரை அடித்த கையோடு போன் வந்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பர் எதையும் அவள் விட்டதில்லை, மகளாக இருந்துவிட்டால்? பேசியது மனை விற்கிறவன். அவனிடமிருந்து தப்பித்து, திரையைப் பார்க்காமலே பாஸ்வேர்டை அடித்து எண்டர் தட்டினாள். அந்த மெஷின் ஒரு நிமிஷத்துக்கு மேல் யாருக்கும் காத்திருக்காது. மறுபடி முதலிலிருந்து பெயர் கேட்டுக்கொண்டு நின்றிருந்தது. அவள் அடித்ததை ஒரு பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு ஆளே இல்லை என்று மறுத்து, உள்ளே விடாத பெயர்களின் பட்டியலில் அப்படியே எழுதியும் வைத்தது. திரையை அவள் உடனே துடைத்துவிட்டாள். பட்டியலைத் துடைக்க அவளுக்கு அதிகாரம் இல்லை.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் அந்தப் பட்டியலைப் படிப்பது டீம் லீட் ரகுராமின் வழக்கம். ஒன்பது பேர் முன்னால் படித்தான்.

“யாருப்பா இது, தர்ஷினி வந்துடும்மா? ஜானகி மேடம், உங்க சிஸ்டத்துல இருந்துதான் வந்திருக்கு. பொண்ணு புனேல செட்டில்னு சொன்னீங்க? ஓடிப்போச்சா?”

சிரித்தார்கள். தினமும் அவள் டப்பாவில் கைவைத்துச் சாப்பிடுகிற லீனாவும் சிரித்தாள். பாவிகள்.

“சும்மா தமாஷ் மேடம். பாஸ்வேர்டு வெளிய வந்தாச்சு, இப்பவே மாத்திடுங்க. பொண்ணு பேரு மட்டும் பேடா, வேண்டாம்.”

சொன்னதோடு விடாமல் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். மெஷின் பழையதைக் கேட்டது. கடைசித் தடவையாக அடித்தாள். புதியதைக் கேட்டது. ‘எனக்குப் பொண்ணு இல்லை’ என்று அடித்தாள். திரையில் ஒன்றும் தெரியவில்லை.

அதையே இன்னொரு முறை அடிக்கச் சொன்னது மெஷின்.

“சீக்கிரம் மேடம், லஞ்சுக்கு நேரமாச்சு,” என்றான் ரகுராம்.

ஒரு எழுத்துக்கூடத் தவறாமல் மறுபடி அடித்தாள். ஏற்றுக்கொண்டது.