சவரிநாதனும் சத்தம் போடாத வேகனும்

ராயபுரம் மரக்கிடங்கில் சவரிநாதன் பார்த்த வேலையைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். பாடுவதுதான் வேலை. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு மரங்களை வேகனில் ஏற்றி, துறைமுகத் தண்டவாளத்திலிருந்து கிடங்குக் கொட்டகை வரைக்கும் இருபது ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். எஞ்சின் கிடையாது. சவரிநாதன் தள்ளமாட்டார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேகனில் கிடக்கும் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து பாட்டெடுத்துக் கொடுப்பார். கீழே இருபது பேரும் ‘ஐலசா’ போட்டுத் தள்ளுவார்கள். அவருக்கும் ஓர் ஆள் கூலி உண்டு. பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடியது. யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் சுப்பராயன் என்ற புது ஓவர்சியர் வந்து சேர்ந்தார். வயது இருபத்திநாலு. காலேஜில் பௌதிகம் படித்தவர். மீசை அப்போதுதான் யோசித்து யோசித்து வந்துகொண்டிருந்தது. வந்த முதல் நாளே சவரிநாதன் மரத்தின்மேல் உட்கார்ந்து,

“மீச மொளைக்கல ஐலசா
மேஸ்திரி வந்தாரு ஐலசா”

என்று எடுத்துவிட்டார். இருபது பேரும் அதை ரொம்ப உற்சாகமாக வாங்கிப் பாடினார்கள். வேகன் என்றைக்கும் இல்லாத வேகத்தில் போனது. பௌதிகம் பிற்பாடுதான் வந்தது, முதலில் வந்தது கோபம் என்பது என் கட்சி.

“இந்த ஆள் என்ன வேலை செய்யறான்?” என்று முன்வரிசையில் தள்ளும் நீலமேகத்தைக் கேட்டார் ஓவர்சியர்.

“பாட்றாரு சார்.”

“பாடறதுக்குக் கூலியா? போதாததுக்கு மேலே உட்கார்ந்து பாரம் வேற ஏத்தறானே!”

அப்புறம் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு பாடம் நடத்தினார். ஒரு பொருள் நகரவேண்டுமானால் அதன்மேல் விசை வேண்டும். தள்ளுவது விசை, இழுப்பது விசை, பாட்டு விசை அல்ல. இது தன் சொந்தச் சரக்கில்லை, நியூட்டன் சொன்னது என்றார்.

“அவுரு எந்த யார்டுல இருந்தாரு சார்?” என்று சவரிநாதன் மரியாதையாகவே கேட்டார்.

“யார்டு இல்லை, சீமை. செத்து இருநூறு வருஷமாச்சு.”

“அப்போ ரயிலு வேகனே இல்லியே சார். வேகனப் பாக்காமயா சொல்லிட்டாரு?”

ஓவர்சியருக்குப் பதில் தெரியாமல் இல்லை. ஆனால் இருபது பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது பதில் சொல்வது லேசான காரியமில்லை. அடுத்த மாசத்திலிருந்து சவரிநாதனும் கீழே இறங்கித் தள்ளவேண்டும், முடியாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சவரிநாதனுக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த வயதில் தோளைப் புதிதாகப் பழக்குவது கஷ்டம்தான். அதைவிட, மரத்தின்மேல் உட்காரும் இடம் போய்விட்டால் தான் யார் என்றே அவருக்குத் தெரியாது. அதனால் அவர் பயந்துபோய் யோசிக்க ஆரம்பித்தார்.

ஒரு வாரம் பேட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ராயபுரம் ஸ்டேஷனில் எஞ்சின் முதலில் கூவியது, பிறகுதான் நகர்ந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதிய பிறகுதான் கிளம்பியது. டிராம் மணி அடித்துவிட்டுப் போனது. கடற்கரையில் வலை இழுப்பவர்கள் அம்பாப் பாட்டுப் பாடியபிறகே வலை அசைந்தது. ஆலைச் சங்கு ஊதினால் ஆயிரம் பேர் ஓடுகிறார்கள். இத்தனையையும் ஒருவன் கண்ணால் பார்த்துவிட்டு வேறு என்ன முடிவுக்குத்தான் வருவான்? உலகத்தில் எது நகர்ந்தாலும் முதலில் ஒரு சத்தம் வருகிறது. ஆகவே சத்தம்தான் நகர்த்துகிறது. தோள் சும்மா ஒத்தாசைக்கு.

வீட்டுக்கு வந்து மனைவி எல்சியிடம் சொன்னார்.

“இப்போ பாரு. ‘எல்சீ, தண்ணி’ன்னு ஒரு கொரலு வுட்டா சொம்பு நவுந்து வருது. இன்னா அர்த்தம்?”

“சரி, அடுத்த தபா நான் இங்கியே குந்திக்கினு கீறேன். நீ கூவு. சொம்பு வருதா பாக்கலாம்” என்றாள் எல்சி.

இது தகுந்த ஆட்சேபணைதான். ஆனால் பெரிய கண்டுபிடிப்பில் இருப்பவர்கள் வீட்டுக்குள் எழும் ஆட்சேபணையைக் காதில் வாங்குவதில்லை. சவரிநாதன் நூறு நோட்டீஸ் அச்சடித்தார். ‘இயக்கத்துக்கு மூலம் ஓசையே. நியூட்டன் துரையவர்கள் கூறியது பிசகு. மறுக்க வல்லவர் மரக்கிடங்குக்கு வந்து மறுக்கலாம். இப்படிக்கு, ம. சவரிநாதன், வேகன் பாடகர்.’ பாதி நோட்டீஸில் மீன்காரிகள் மத்தி மீன் கட்டினார்கள். ஒன்றைக் கிடங்கு வாசலிலேயே ஒட்டினார். ஓவர்சியர் அதை இரண்டு தடவை படித்தார். சிரிப்பும் வந்தது, விடவும் மனமில்லை.

“சனிக்கிழமை சாயங்காலம் பரீட்சை வைப்போம்” என்றார். “சத்தமே இல்லாமல் வேகன் நகராவிட்டால் நீ மேலேயே உட்காரு. நகர்ந்துவிட்டால் திங்கட்கிழமை கீழே இறங்கணும். சம்மதமா?”

“சம்மதம் சார்.”

சனிக்கிழமை ஊரே வந்துவிட்டது. வேகனில் மூன்று பெரிய மரங்கள். யாரும் மூச்சு விடக்கூடாது என்று ஏற்பாடு. ஒரு காகம் கத்தியது. அது கணக்கில் சேருமா என்று கொஞ்ச நேரம் வழக்கு நடந்தது. காகத்தை விரட்டிவிட்டு ஆரம்பித்தார்கள்.

இருபது பேரும் வாயை மூடிக்கொண்டு தோள் கொடுத்தார்கள். ஒருவன் தள்ளும்போது இன்னொருவன் மூச்சு வாங்கினான். அவன் தள்ளும்போது இவன் காலை மாற்றி வைத்தான். வேகன் இம்மியும் அசையவில்லை. கூட்டம் ஆரவாரம் செய்தது. சவரிநாதன் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டார்.

ஓவர்சியர் மண்டையைச் சொறிந்தபடி நின்றார். பிறகு கேட் ஆளிடமிருந்த பச்சைக் கொடியை வாங்கிவந்தார்.

“பாட்டு வேண்டாம், பேச்சு வேண்டாம். இந்தக் கொடி கீழே இறங்கும்போது எல்லாரும் ஒரே சமயத்தில் தள்ளுங்கள்.”

சவரிநாதன் கொடியையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதைப் பார்த்து நீலமேகம் பக்கத்தில் வந்தான்.

“இன்னாத்துக்கு மாமு பேஜாராவுற? தள்ற மேரி முக்கி வெக்கறோம். வண்டி ஒரு இஞ்சு நவுராது. பசங்ககிட்ட சொல்லிட்டேன்.”

சவரிநாதன் சரி என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். எத்தனையோ பெரிய மனிதர்கள் ஆட்டியிருப்பார்கள்.

“வாணாண்டா” என்றார். “மெய்யாலுமே தள்ளுங்க.”

“நவுந்துட்டா ஒன் எடம் பூடும் மாமு.”

“போனா போவுது. நான் நம்பிக்கினு கீறது நெசமா பொய்யான்னு தெரியாமயே சாவ சொல்றியா?”

அப்படிச் சொல்லிவிட்டு அவர் செய்த காரியம் யாரும் எதிர்பார்க்காதது. கடைசிச் சக்கரத்துக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டித் தரையில் படுத்துக்கொண்டார். கண்ணைச் சக்கரத்தின் மேலும் காதைத் தண்டவாளத்தின் மேலும் வைத்துக்கொண்டார். ஓசை முந்துகிறதா, சக்கரம் முந்துகிறதா என்று அவரே பார்க்கவேண்டுமாம்.

கொடி இறங்கியது. இருபது தோள்களும் ஒன்றாக அழுத்தின. வேகன் நகர்ந்தது. பத்தடி தூரம் போன பிறகு ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

கூட்டத்தில் ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. சவரிநாதன் எழுந்து, சட்டையில் ஒட்டிய கரித்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“சக்கரந்தான் மொதல்ல. சத்தம் அப்பால வந்துச்சு. நான் பாத்தேன்” என்றார். ஓவர்சியரிடம் திரும்பி, “நீங்க சொன்னவரு ஜெயிச்சிட்டாரு சார்” என்றார். ஓவர்சியருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சவரிநாதன் ஒரு பாட்டுக்கும் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை துண்டைத் தலையிலிருந்து அவிழ்த்துத் தோளில் சும்மாடு மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டு, நீலமேகத்துக்குப் பக்கத்தில் இருபத்தோராவது ஆளாக நின்றார். கொடி இறங்கியது, தள்ளினார்கள். கொடி இறங்கியது, தள்ளினார்கள். நியூட்டன் சொன்னபடியே வேகன்கள் ஒழுங்காக நகர்ந்தன. ஆனால் ஒவ்வொரு வேகனைச் சேர்த்ததும் ஆட்கள் அப்படியே நிழலில் சரிந்தார்கள். வழக்கமாக மத்தியானத்துக்குள் எட்டு வேகன் போகும். அன்று நாலு போவதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

ஐந்தாவது வேகனில் தோளை வைத்தபோது சவரிநாதனுக்குத் தோள் தோலுரிந்து எரிந்தது. நீலமேகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“இவ்ளோ கனமாடா இது?” என்று கேட்டார். “பத்தொம்பது வருசம் இது மேலயே குந்திக்கினு இருந்தனே. எனக்குத் தெரியவே இல்லியேடா.”

நீலமேகம் வியர்வையை வழித்துப் போட்டான்.

“நீ பாடிக்கினு இருந்த வரைக்கும் எங்களுக்கும் தெரியல மாமு.”

சவரிநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. பத்தடி தள்ளிக் கொடியோடு நின்ற ஓவர்சியர் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். அவர் படித்த புத்தகத்தில் இதற்கு இடம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“மேலே ஏறிக்கோங்க” என்றார். முதல் தடவையாகச் சவரிநாதனுக்கு ‘ங்க’ போட்டார். “விசை இல்லைதான். இருந்தாலும் பாடுங்க.”

ஆட்கள் உடனே வழி விட்டார்கள். ஒருவன் ஏறுவதற்குக் கைகூட நீட்டினான். சவரிநாதன் மரத்தின் உச்சியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏறல சார்” என்றார். “கனம் தெரிஞ்சிபோச்சு. இனிமே அது மேல குந்திக்கினு எப்டி சார் பாட்றது?”

சொல்லிவிட்டு, எரிகிற தோளை மறுபடி வேகனில் கொடுத்து, அங்கே நின்றபடியே பாட்டை எடுத்தார். மூச்சு வாங்கியதில் சுருதி கன்னாபின்னாவென்று போனது. இருபது பேரும் அதை அப்படியே வாங்கிப் பாடிக்கொண்டு தள்ளினார்கள்.