பச்சை அட்டையில் ஒரு சந்தனப் பொட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு பச்சை அட்டை கிடக்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதன் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, காய்ந்து வெடித்துப் போயிருக்கிறது. பேனா தேடிக் கை விடும்போது அது விரலில் பட்டால், இன்றைக்கும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இழுப்பறையை மூடுவேன்.

பிறை என்ற ஊரில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஜார்ஜ் டவுனிலிருந்து பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவன். எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சிலர், காட்டை மொட்டையடிக்காமல், வெட்டிய இடத்தில் மறுபடி வளரவிட்டு எடுத்த மரத்தின் காகிதம்தான் வேண்டும் என்பார்கள். அதற்கெனச் சான்று பெற்ற காகிதம் தனியாக வரும். அந்த அடுக்குகளில் மட்டும் பச்சை அட்டை ஒட்டியிருக்கும். சாதாரணக் காகிதத்துக்கு ஒன்றும் கிடையாது. உறையைப் பிரித்துவிட்டால் இரண்டும் ஒரே வெள்ளை, தடவிப் பார்த்தாலும் ஒன்றுதான். கலந்தால் கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. கலக்காமல் காப்பதுதான் சரக்கறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அக்காவின் வேலை.

அக்கா கத்தோலிக்கர். கழுத்தில் சின்னச் சிலுவை, தொண்டையில் பெரிய குரல். பளுதூக்கி வண்டி ஓட்டும் தடியன்கள்கூட அவர் குரல் கேட்டால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். "காகிதத்துக்கு வாயில்ல தம்பி. அது எந்தக் காட்டுலேருந்து வந்துச்சுன்னு நாமதான்லா சொல்லணும்" என்பார். எங்களுக்குச் சிரிப்பு வரும்.

அந்த வருடம் ஆயுதபூசை நேரத்தில் அக்கா உறவுக்காரக் கல்யாணத்துக்காக நிபோங் திபால் போயிருந்தார். வழக்கம்போல நாங்கள் காகித அடுக்குகளை எல்லாம் நகர்த்தித் தரையைக் கழுவினோம். அட்டைகள் நனையக்கூடாது என்று கழற்றி ஓரமாக வைத்தோம். தரை காய்ந்ததும் நினைவிலிருந்து ஒன்றிரண்டைத் திரும்ப ஒட்டியிருப்போம். அப்போதுதான் பூத்தட்டோடு முதலாளியின் மனைவி வந்தார். நல்ல மனுஷி, கையால் பரிமாறுகிறவர். ஓர் அடுக்கில் அட்டை இருந்து பக்கத்து அடுக்கில் இல்லாததைப் பார்த்து, "ஐயோ பாவம், இது மட்டும் ஏன் மொட்டையா நிக்குது? பூசையன்னைக்கு ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வைக்காம விடலாமா?" என்றார். புது அட்டைக் கட்டையே பிரித்து எல்லா அடுக்குக்கும் தம் கையாலேயே ஒட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனப் பொட்டு. முதலாளியம்மா கையை யார் பிடிப்பது? அக்கா வந்து பார்த்துக்கொள்வார் என்று, அவர் கொடுத்த கடலையைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அக்கா திரும்பி வந்த அன்றுதான் சான்று கொடுப்பவர்களின் தணிக்கை. ஸ்டோருக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணுக்கு எட்டியவரை பச்சை. நடந்ததை அவரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். "எல்லாத்துலயும் அட்டை இருக்குல்ல? பேசாம இருங்க" என்று முதலாளி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தணிக்கையாளர் வந்ததும் நேரே போய், "இதுல எது எதுன்னு எங்களுக்கே தெரியல. எல்லாத்தையும் சாதாரணக் காகிதம்னு எழுதிக்கங்க" என்றார். அந்த மனிதரோ உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லி, அந்தக் காகிதத்தில் சான்று முத்திரை மட்டும் அச்சடிக்கக்கூடாது என்று எழுதிவிட்டுப் போனார். சான்றிதழ் தப்பியது. ஆனால் முத்திரை கேட்டவர்களுக்கு வேறு காகிதம் வரவழைத்தாக வேண்டும். பெட்டிகள் நாள் கடந்துதான் போகும்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் எல்லாரையும் அலுவலகத்துக்கு அழைத்தார். "எவன் ஒட்டுனது? இன்னைக்கே வெளிய போகணும்!" அவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அட்டை ஒட்டிய அதே கையால் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்காதான் முன்னால் வந்தார். "என் பொறுப்பு பாஸ். நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்."

"அப்ப நீங்களே போங்க."

அக்கா தம் பையை எடுத்துக்கொண்டு போனார். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியும் ஒரு மனுஷியால் உட்கார்ந்திருக்க முடியுமா? அன்றுதான் ஓர் அடுக்கிலிருந்து இந்த அட்டையை உரித்து வைத்துக்கொண்டேன்.

அக்கா பிறகு வேறு வேலைக்குப் போகவில்லை. இப்போது பத்து காவான் என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்த ஆண்டு பூசைக்கும் முதலாளியம்மா பூத்தட்டோடு வந்து, சிரித்தபடி எல்லாருக்கும் கடலை கொடுத்தார். நான் வாங்கியதை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டேன். மறுநாளே அட்டையை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். பூசையில் நடந்ததைச் சொன்னேன். அவர் பொட்டை நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"யாருக்காக அக்கா பழிய ஏத்துக்கிட்டீங்க? அந்த அம்மாவக் காப்பாத்தவா?" என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"காப்பாத்தவா? இல்ல தம்பி. நான் வாயத் தொறந்தா அவங்க உடனே, 'இல்லீங்க, நான்தான்'னு சொல்லிருவாங்கன்னு நெனச்சேன்லா." அட்டையை என் கையில் திருப்பி வைத்தார். "அன்னைக்கு கேட் வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன்."