என் காருக்கு ஏற்ற டயர் கடை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியதிலிருந்து எனக்குத் திமிர் ஏறியிருந்தது. டயர் மாற்ற வேண்டி வந்தபோது, கள்ளக்குறிச்சியில் அதைத் தொடத் தகுதியான கடையே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

முதல் கடையில் டிராக்டர் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தவர், "இன்னா சார், டயரு இவ்ளோ ஒல்லியா கீது? நம்மூரு ஸ்பீடு பிரேக்கருக்குத் தாங்காதுங்க. தடிச்சதா போட்டுக்கினு போங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே காரைக் கிளப்பிவிட்டேன்.

அடுத்த கடையில், புது டயர் ஏறி நசுக்குவதற்கான எலுமிச்சம்பழம் நான்கும் தயாராக இருந்தன. தரையை ஒட்டி நிற்கும் என் காருக்கடியில் நுழையும் ஜாக்கிதான் இல்லை.

கடைசியாக, பக்கத்து ஊரான தியாகதுருகத்தில் ஒரு கடைக்குப் போனேன். "கல்வராயன் மலை வளைவுகளில் பறக்கிற வண்டி. பார்த்துச் செய்யணும்" என்று அந்தக் கடைக்காரரை மிரட்டி வைத்தேன். அவர் குனிந்து, பழைய டயரைக் கட்டைவிரலால் தடவினார். தரையில் படும் பட்டன் துளியும் தேயவில்லை. பக்கவாட்டில்தான் சுற்றிலும் வெடிப்பு.

"இது ஓடித் தேஞ்ச டயரு இல்லீங்க, வெயில்ல நின்னு வெடிச்ச டயரு" என்றார். "புதுசை எந்தக் கடையில வேணா மாட்டிக்கோங்க. நிறுத்துற எடத்தை மட்டும் நெழலா பாத்துக்கோங்க."